ஹெடர் வாங்கும் முன் கேட்டலிட்டிக் கன்வெர்டரைத் தேடுங்கள்

[காட்சி: காட்பாடிப் பட்டறை. லிஃப்டில் ஏறி நிற்கும் கார். கேமரா என்ஜினுக்கு அடியில் மெதுவாக நகர்கிறது.]

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் கார் மேல் ஆசை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: "ஹெடர் போட்டால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?" ஹெடர் என்பது என்ஜின் புகையை வெளியே எடுத்துப்போக, கம்பெனி மெனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுப்பு. பிராண்டு, விலை, சத்தம் எல்லாம் அப்புறம். முதலில் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டர் எங்கே இருக்கிறது? பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

[காட்சி: மேசை மேல் இரண்டு பொருள்கள். வார்ப்பிரும்பு மெனிஃபோல்டு, அதன் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஹெடர்.]

எல்லா சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் கம்பெனி மெனிஃபோல்டு குட்டையாக இருக்கும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில். ஏன்? பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் வண்டிகள் எல்லாம் குறைந்த லேன்களில் சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் நிற்காமல் போகும். இரண்டு லாரி ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தால் எல்லாமே நிற்கும். புகையும் அப்படித்தான். ஒரு சிலிண்டரின் புகை வேகமாகக் கடந்து போகும்போது பின்னால் அழுத்தம் குறைகிறது. அடுத்த சிலிண்டரின் வால்வு அந்த நேரம் பார்த்துத் திறந்தால், அதன் புகையை உறிஞ்சி எடுக்கிறது.

நான்கு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். அதனால் 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் சேர்த்து, பிறகு ஒன்றாக்குவது 4-2-1 ஹெடர். நடு ஆர்.பி.எம்.மில், அதாவது என்ஜின் மிதமான வேகத்தில் சுழலும்போது, இழுவை கிடைக்கும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 ஹெடர் உச்ச ஆர்.பி.எம்.முக்கு. ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவருக்கும், சத்துவாச்சாரியிலிருந்து தினம் வேலைக்குப் போய் வருபவருக்கும் 4-2-1 போதும். கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கச் சொல்வேன்.

[காட்சி: வெட்டித் திறந்த கேட்டலிட்டிக் கன்வெர்டர். உள்ளே தேன்கூட்டு அமைப்பு.]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தத் தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் இதுதான் மாற்றுகிறது. ஆனால் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் விழித்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் பெட்ரோல் கார் மிக மோசமாகப் புகைவிடுகிறது. அதனால்தான் 2020 ஏப்ரல் 1-இல் வந்த பி.எஸ்.6 புகை விதிப்படி செய்த கார்களில் கன்வெர்டரை என்ஜினுக்கு மிக அருகே, பல மாடல்களில் மெனிஃபோல்டோடு ஒட்டியே வைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட காரில் மெனிஃபோல்டைக் கழற்றினால் கன்வெர்டரும் சேர்ந்து போய்விடும். "ஹெடர்" என்ற பெயரில் கடையில் தருவது அங்கே வெறும் குழாய்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போக்ஸ்வேகனின் 1.0, 1.5 டி.எஸ்.ஐ. என்ஜின்களில் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கம்பெனியின் விர்ட்டஸ் கார் வைத்திருப்பவருக்கு ஹெடர் என்று ஒன்றை யாராவது விற்றால், அது டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப். கன்வெர்டர் இல்லாத டவுன்பைப்பை வாங்காதீர்கள்.

பழைய கார்களில் பல, மெனிஃபோல்டு தனி, கன்வெர்டர் கீழே தனி என்று இருக்கும். ஹெடர் ஆசை நியாயமாக நிறைவேறுவது இந்தக் கார்களில்தான். நிபந்தனை மூன்று: கன்வெர்டர் அதே இடத்தில் இருக்க வேண்டும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் இரண்டு இருந்தால் இரண்டுமே அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும், எங்கும் கசியக் கூடாது. கசிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதல் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று தப்பாகச் சொல்லும். என்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். மைலேஜும் போகும், கன்வெர்டரும் கெடும்.

கன்வெர்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரை ஏமாற்ற, அதைத் தள்ளி வைக்கும் ஸ்பேசர் என்ற சின்னத் துண்டை விற்கிறார்கள். செக் என்ஜின் விளக்கு எரியாமல் இருக்கும். புகை அப்படியேதான் இருக்கும்.

[காட்சி: வேலூர் கோட்டை அகழி. பிறகு வறண்டு கிடக்கும் பாலாறு.]

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. புகை, சத்த விதிகளை மீறினால் 190(2): முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

"பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிட்டேனே" என்பார்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் காருக்கு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்பதுதான் வரம்பு. நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. அந்தச் சர்டிபிகேட் அவசியம். ஆனால் நீங்கள் மாற்றிய பாகத்துக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

அமெரிக்காவிலிருந்து வரும் ஹெடர் பெட்டியில் கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் எண் அச்சிட்டிருக்கும். அது குறிப்பிட்ட மாடல், வருடம், என்ஜினுக்கு அந்த ஊர்ச் சட்டப்படி கொடுத்த விலக்கு. கன்வெர்டரைத் தொடாத வடிவமைப்பு என்பதற்கு நல்ல அடையாளம்தான். நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதைக் காட்டி வாதாட முடியாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்த வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது. அந்த ஊரில் இருந்துகொண்டு கன்வெர்டரைக் கழற்றி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

[காட்சி: ஆர்கான் வெல்டிங். நீலச் சுடர், குழாய்க்குள் போகும் வாயு ஹோஸ்.]

இந்தப் பக்கமே செய்துகொள்ளலாமா? தாராளமாக. பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையைச் சுற்றி ராணிப்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய. பாய்லர் குழாய் ஒட்டிப் பழகிய ஆர்கான் வெல்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உள்ளே பர்ஜ் விடுவீங்களா அண்ணே?" ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் ஆர்கான் விடாமல் ஒட்டினால் உள்பக்கம் கருகி, சொரசொரப்பாகி, அந்த இடத்திலேயே விரிசல் விடும். குழாய் 304 கிரேடாக இருக்கட்டும். சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து முடுக்கும் தகடான ஃபிளாஞ்ச் தடிமனாக, வளையாததாக இருக்கட்டும். குழாய் வாய், புகை வெளியேறும் துளையான என்ஜின் போர்ட்டை விடச் சிறியதாக இருக்கவே கூடாது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வயரிங்குக்கும் பிரேக் குழாய்க்கும் ஹீட் ஷீல்டு கட்டாயம்.

பந்தயத்துக்கு மட்டும் என்றால் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுங்கள்.

மாட்டிய பிறகு நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் புகைச் சோதனை எடுத்து இரண்டு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். எண் கூடியிருந்தால் கசிவைத் தேடுங்கள். கழற்றிய மெனிஃபோல்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும் நாளில் அது வேண்டியிருக்கும்.