விறகடுப்பு: எதை வைப்பது, எவ்வளவு வைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது

[காட்சி: மலேசியாவில் சுங்கை சிப்புட். வீட்டின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட குசினி. மேடைமேல் இரண்டு மண்ணடுப்பு.]

வணக்கம். சுங்கை சிப்புட்டில் கேஸ் அடுப்பு இல்லாத வீடு இன்றைக்கு அரிது. ஆனாலும் பின்பக்கம் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் ஒரு விறகடுப்பும் இருக்கும். தீபாவளிக்கு ஆட்டிறைச்சி, பொங்கலுக்குப் பானை, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், கோயில் திருவிழாவுக்கு அண்டா. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள் தினமும் மூட்டியதால் இந்த அடுப்பின் குணம் அவர்கள் கைக்குத் தெரியும். தாமானில் (புதிய குடியிருப்புப் பகுதியில்) வளர்ந்த பிள்ளைகள் நல்ல நாளில் மட்டும் மூட்டுகிறார்கள், அதுவும் வீடு நிறைய ஆளும் குழந்தைகளும் இருக்கும் நேரத்தில். அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் விறகைப் பார்ப்போம். விறகடுப்பில் நடக்கும் பல விபத்துகளுக்கு ஈர விறகே காரணம் என்பது என் எண்ணம். ஈர விறகு புகையும். சமைக்கிறவர் பொறுமை இழப்பார். கை மண்ணெண்ணெய் டின்னைத் தேடும்.

[காட்சி: பிளந்த கித்தாக் கட்டைகள், அருகில்.]

நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் கித்தாக் கட்டை, அதாவது ரப்பர் மரக் கட்டை. மரம் வயதாகிப் பால் குறைந்ததும், ஏறக்குறைய 25 முதல் 30 வருடத்தில், தோட்டத்தில் வெட்டி மறுநடவு செய்வார்கள். நல்ல மரங்கள் தளவாடத் தொழிலுக்குப் போய்விடும், கிளைகள் விறகாகும். காய்ந்த கித்தாக் கட்டை அருமையாக எரியும். ஆனால் வெட்டியவுடன் அதன் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அப்படியே அடுப்பில் வைத்தால் தீயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், கட்டையின் நுனியில் நுரை தள்ளும். உருட்டுக் கட்டையாகப் போட்டுவைத்தால் காயவே காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். பாராங் கத்தியால் பிளந்து, தரையில் படாமல் இரண்டு செங்கல் உயரத்தில், மேலே தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று போகும்படி அடுக்குங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் கரையான் வீட்டுக்கு வரும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது இடுக்குக்குள் கையை விடாதீர்கள், ஒரு குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள். தேளும் பூரானும் இருக்கும், பாம்பும் இருக்கலாம்.

காலம் முக்கியம். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்காலம் தவறாமல் மழை. தீபாவளி வருவதும் அப்போதுதான். அந்த வாரத்தில் விறகு தேடினால் ஈர விறகுதான் கிடைக்கும். ஜூன், ஜூலையில் மழை குறைவு, அப்போதே பிளந்து அடுக்கிவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். டக் டக் என்று கணீரென ஒலித்தால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம். வெட்டிய முகத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி.

செம்பனை (எண்ணெய்ப் பனை) அடிமரத்தை விறகாக நினைக்காதீர்கள், உள்ளே பஞ்சு மாதிரி ஈரம். மூங்கிலைப் பிளந்த பிறகே போடுங்கள். கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்றும் நீராவியும் சூட்டில் வெடித்துக் கங்கைச் சிதறடிக்கும். பொங்கலுக்கு ஆற்றுக் கல்லை அடுப்பாகக் கூட்டுகிறவர்களும் கவனியுங்கள், ஈரமேறிய கல்லும் அப்படித்தான் வெடிக்கும். செங்கல் வையுங்கள்.

வீடு பிரித்த பலகை, பெயிண்ட் அடித்த சட்டம், பிளைவுட், பழைய அலமாரி, இவை எதுவும் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பிளைவுட்டின் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட் இருக்கும். பச்சை மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் விஷம். கடையில் சும்மா கிடைக்கும், சரக்கு அடுக்கும் பாலட் பலகையிலும் ‘எம்.பி.’ முத்திரை இருந்தால் தொடாதீர்கள், அது பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகை போட்டது.

[காட்சி: அடுப்பு மூட்டுதல்.]

சரி, இப்போது மூட்டுவோம். முதலில் உள்ளே இருக்கும் பழைய சாம்பலை வாரிவிடுங்கள். சாம்பல் நிறைந்த அடுப்பில் அடியில் காற்று நுழையாது. தேங்காய் நார் கொஞ்சம், அதன்மேல் கொட்டாங்கச்சித் துண்டு, விரல் பருமனுள்ள சுள்ளி. நன்றாகப் பற்றியதும் பிளந்த கட்டை இரண்டு அல்லது மூன்று. நுனிகள் நடுவில் சேர வேண்டும், கட்டைகளுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடம் விட வேண்டும்.

இந்த இடத்தில்தான் புதிதாக மூட்டுகிறவர்கள் அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணிக்கிறார்கள். கட்டை சூடேறினால் அதிலிருந்து வாயுக்கள் கிளம்பும், சுடராக எரிவது அந்த வாயுக்கள்தான். விறகு அதிகமாகி, காற்று போதாமல் போனால் அவை எரியாமல் புகையாக வெளியேறும். நாம் பார்க்கும் கரும்புகை, எரியாமல் வீணாகும் விறகு. பிறகு திடீரென்று காற்றடித்தாலோ ஒரு கட்டை சரிந்தாலோ, தேங்கிய வாயு ஒரேயடியாகப் பற்றிச் சுடர் வாசலுக்கு வெளியே பாயும். குனிந்து ஊதுகிறவர் முகம் அங்கேதான் இருக்கும்.

அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். நுனி எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். தீ குறைய வேண்டுமா, கட்டையைப் பின்னால் இழுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். வெளியே நீளும் கட்டை கால் தட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. அது இடறினால் கொதிக்கும் பானையும் சேர்ந்து சாயும். நீளமாக இருந்தால் முன்கூட்டியே வெட்டிக்கொள்ளுங்கள்.

தீ மங்கினால் ஊதுகுழல், விசிறி, காய்ந்த சுள்ளி. மண்ணெண்ணெய் கூடவே கூடாது, பெட்ரோலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சுடர் இல்லாத கங்கில் எண்ணெய் ஊற்றினால் உடனே பற்றாது, முதலில் ஆவியாகிப் பரவும். பற்றவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றும்போது மொத்த ஆவியும் பிடித்துக்கொள்ளும், தீ நேராகக் கையிலிருக்கும் டின்னுக்கு வரும். டயர் துண்டும் ஒட்டுப்பாலும் (காய்ந்த ரப்பர் பால்) சீக்கிரம் பற்றும்தான். ஆனால் அந்தக் கரும்புகையைச் சுவாசிக்கக் கூடாது, உருகிச் சொட்டினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

[காட்சி: அடுப்புக்குப் பக்கத்தில் கேஸ் தோம்பு (சிலிண்டர்). அதைத் தூக்கி வெளியே கொண்டுபோகிறார்கள்.]

இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பண்டிகை நாளில் கேஸ் அடுப்பும் விறகடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் எரிகின்றன. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்ந்த இடத்துக்கு ஓடும். தரையில் கங்கு இருந்தால் அங்கே போய்ச் சேரும். இரண்டும் ஒரே குசினியில் வேண்டவே வேண்டாம்.

உடையையும் பாருங்கள். நைலான், பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். பட்டுச் சேலையோ, தொங்கும் துப்பட்டாவோ இல்லாமல், பருத்திக் கைலியோ பழைய சேலையோ கட்டி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு உட்காருங்கள். அடுப்புக்கென்று ஒருவர் இருக்க வேண்டும். “அத்தை, நான் பூசைக்குப் போறேன், கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொல்லி, அத்தை சரி என்ற பிறகுதான் எழ வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடி போட்டு மூடுங்கள், விறகை வெளியே இழுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

புகையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குசினியின் இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்காதீர்கள். புகையே இல்லாத கங்கு இன்னொரு வகையில் ஆபத்து. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசமோ கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். மழைக்குப் பயந்து கங்குச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து சன்னலைச் சாத்தாதீர்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்.

[காட்சி: மறுநாள் காலை. மூடி போட்ட தகர வாளி.]

சமையல் முடிந்தாலும் அடுப்பு முடியவில்லை. சாம்பலுக்குள் புதைந்த கங்கு மூன்று, நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் பையிலோ அட்டைப் பெட்டியிலோ வாரினால் நடுராத்திரியில் பற்றும். தகர வாளியில் வாரி, தண்ணீர் விட்டுக் கிளறி, மூடி போட்டு, வீட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். தண்ணீர் விடும்போது சூடான ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆறியதைச் செடிக்குப் போடலாம், கொஞ்சமாக. அது காரம் மிகுந்தது, வெறுங்கையால் அள்ள வேண்டாம்.

கடைசியாகத் தீக்காயம். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நம் வீடுகளில் பற்பசையும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) தடவுகிறார்கள். இரண்டுமே சூட்டை உள்ளே அடைக்கும், டாக்டர் காயத்தைப் பார்ப்பதும் சிரமமாகும். ஐஸும் வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும், இதைப் பிள்ளைகளுக்கு இன்றே செய்து காட்டுங்கள். தீ அடுப்பைத் தாண்டிக் கூரைக்குப் போய்விட்டால் சாமான் எடுக்க நிற்காமல் எல்லாரும் வெளியேறுங்கள். பொம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு) அழைக்க வேண்டிய எண் 999.