ஒரு குவாட்டர்பேக்குக்காக நாலு வருஷத்த எழுதிக் குடுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பத்தி தான் இன்னைக்கு பேச்சு. குவாட்டர்பேக்னா பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவரு. காலேஜ் ஆட்டக்காரங்கள டீமுங்க வரிசையா எடுக்கறது தான் டிராஃப்ட், அதுல ஒரு ஆள எடுக்கற வாய்ப்புக்குப் பேரு பிக். ஒரே ஒரு குவாட்டர்பேக்குக்காக வரப்போற வருஷத்து பிக்குகளயும் குடுக்கலாமாங்கறது தான் கேள்வி. நேரா ஒரு காட்சிக்கே போயிடறேன்.

2014 டிசம்பர் 7, வாஷிங்டன் டீமோட மைதானம், ஆட வந்தது அப்ப செயின்ட் லூயிஸ்ல இருந்த ராம்ஸ். டாஸ் போட ராம்ஸ் கோச் ஜெஃப் ஃபிஷர் ஆறு பேர கேப்டனா அனுப்புறாரு. யாரு அந்த ஆறு பேருன்னா, 2012ல ராபர்ட் கிரிஃபின்ங்கற ஒரே ஒரு குவாட்டர்பேக்க எடுக்கறதுக்காக வாஷிங்டன் தூக்கிக் குடுத்த பிக்குகள வச்சு ராம்ஸ் சேர்த்த ஆளுங்க. மேட்ச் ஆரம்பிக்கறப்ப கிரிஃபின் பெஞ்சுல. ராம்ஸ் 24-0ன்னு ஜெயிச்சிட்டு போனாங்க.

டிராஃப்ட்ல காசு பேசாது, வரிசை தான் பேசும். ஒவ்வொரு ரவுண்டுலயும் போன சீசன்ல ரொம்ப மோசமா ஆடுன டீமுக்கு முதல் வாய்ப்பு, நமக்கு முன்னாடி போகணும்னா நம்ம இடத்தோட சேத்து அடுத்தடுத்த வருஷத்து பிக்கையும் குடுத்தாகணும். வாஷிங்டன் 6வது இடத்துலேருந்து 2க்கு போக மூணு முதல் ரவுண்டு பிக், ஒரு ரெண்டாவது ரவுண்டு பிக் குடுத்துச்சு.

கிரிஃபின் திறமை இல்லாதவரான்னா இல்லவே இல்லங்க, முதல் சீசன்லயே டிவிஷன், அதாவது லீக்ல டீம் இருக்கற பிரிவு, ஜெயிச்சு குடுத்தாரு. ஆனா ஏற்கனவே அடிபட்ட முட்டியோட ப்ளேஆஃப்ல ஆட விட்டாங்க, தாழ்வா வந்த ஒரு ஸ்னாப்ப, அதாவது ஆட்டம் தொடங்க பின்னாடி அவர்கிட்ட தள்ளுன பந்த, புடிக்க குனிஞ்சாரு, வலது முட்டி உள்பக்கமா மடங்குச்சு. அதுக்கப்புறம் பழைய கிரிஃபின் வரவே இல்ல, டீம சரி பண்ணலாம்னா அடுத்த ரெண்டு வருஷத்துக்கு முதல் ரவுண்டு பிக்கும் கையில இல்ல.

அப்புறம் ஏன் எல்லாரும் திரும்பத் திரும்ப இதையே பண்றாங்க? சம்பளம் தான் காரணம். 2010ல முதல் ஆளா போன சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி பண்ண தொகை மட்டும் 5 கோடி டாலர், 2011ல விதி மாறுச்சு, அந்த வருஷம் முதல் ஆளா போன கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கும் சேத்தே சுமார் 2.2 கோடி தான். நல்ல குவாட்டர்பேக் கம்மி சம்பளத்துல நாலு வருஷம் கிடைச்சா மிச்சப் பணத்துல மத்த இடத்தையெல்லாம் பலப்படுத்திடலாமே.

அப்படி சரியா பண்ணது கான்சாஸ் சிட்டி. 2017ல 27வது இடத்துலேருந்து 10க்கு போனாங்க, கூட ஒரு மூணாவது ரவுண்டும் அடுத்த வருஷ முதல் ரவுண்டும் பஃபலோவுக்கு போச்சு, வந்தது பேட்ரிக் மஹோம்ஸ். ஆனா அதுக்கு முந்தின சீசன்ல அவங்க 12-4 (12 வெற்றி, 4 தோல்வி), குவாட்டர்பேக்கா அலெக்ஸ் ஸ்மித் ஏற்கனவே ஆடிட்டிருந்தாரு, அதனால மஹோம்ஸ் முதல் வருஷம் ஒரே ஒரு மேட்ச் தான் ஸ்டார்ட் பண்ணாரு, பாக்கி நாள் பூரா பாத்து கத்துக்கிட்டாரு, அடுத்த வருஷமே 50 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள்ள பந்த சேர்த்து எடுக்கற ஸ்கோர்), சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. இத எல்லாரும் மஹோம்ஸ் கதையா மட்டும் சொல்றாங்க, எனக்கு அந்த ஒரு வருஷ காத்திருப்பு தான் பெருசா தெரியுது.

நல்ல டீம்னா எடுக்கற ஆளும் நல்லா வந்துருவாரான்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி தான். சான் ஃபிரான்சிஸ்கோ 2021ல 12லேருந்து 3க்கு போக அடுத்த ரெண்டு முதல் ரவுண்டையும் சேத்து குடுத்துச்சு, வந்த ட்ரே லான்ஸ் அவங்களுக்காக நாலே மேட்ச் தான் ஸ்டார்ட் பண்ணாரு, கணுக்கால் உடைஞ்சுது, அப்புறம் டல்லாஸுக்கு போயிட்டாரு. ஆனா டீம் மூழ்கல! 2022ல கடைசி பிக், 262வது ஆளா வந்த பிராக் பர்டிங்கற குவாட்டர்பேக்க வச்சே இறுதி மேட்ச்சான சூப்பர் பௌல் வரைக்கும் போனாங்க, ஏன்னா அவரச் சுத்தி ஆள் இருந்தாங்க.

அதனால என் பதில் இது தான்: முன்னாடி போங்க, ரெண்டு முதல் ரவுண்டு கூட குடுங்க, ஆனா வர்ற பையனுக்கு வேண்டியதையே வித்து அவன வாங்காதீங்க. கரோலினா 2023ல அதத் தான் பண்ணுச்சு. ப்ரைஸ் யங்க எடுக்க பிக்குகளோட சேத்து தன்னோட நல்ல ரிசீவர் டிஜே மூரையும் சிகாகோவுக்கு அனுப்பிருச்சு. பந்து எறியறவன கூட்டிட்டு வந்து புடிக்கறவன அனுப்பிட்டாங்க. அந்த சீசன் 2-15, குடுத்த அடுத்த வருஷ பிக் முதல் இடமாவே மாறி சிகாகோ கைக்கு போச்சு. யங் அந்த ஒரு சீசன்ல 62 தடவ சாக் ஆனாரு, அதாவது பந்த எறியறதுக்கு முன்னாடியே தரையில சாய்க்கப்பட்டாரு, ஒவ்வொரு தடவையும் தரையிலேருந்து எழுந்து தூரத்துல யாராவது தனியா நிக்கறாங்களான்னு தேடுனாரு. மூர் அதே வருஷம் சிகாகோவுல 1,364 யார்டு புடிச்சாரு.