மக்காச்சோள மணி யார் கையில்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அமெரிக்காவில் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஜனங்களை அன்றாடம் ஆண்டது சட்டமன்றமா, திருச்சபையா? திருச்சபைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு போடு போட்டார். "போதகர்கள் அங்கே அரசுப் பதவியே வகிக்க முடியாது, பிறகென்ன திருச்சபை ஆட்சி?" நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, நாற்காலியில் உட்காராவிட்டால் என்ன? யாரை உட்கார வைப்பது என்று சொல்கிற கை யாருடையது?

ஆட்சிக் குழுவுக்கு ஆள் எடுக்க 1643-இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஆளைப் பிடித்திருந்தால் ஒரு மக்காச்சோள மணி, பிடிக்காவிட்டால் ஒரு பீன்ஸ் விதை. அழகான ஜனநாயகம்! ஆனால் அந்த மணியைப் போட, நீங்கள் திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டும். 1631-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உறுப்பினராவது என்ன, சந்தா கட்டுகிற காரியமா? சபை நடுவே எழுந்து நின்று, கடவுளின் அருள் என் உள்ளத்தில் இப்படித்தான் இறங்கியது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் நம்ப வேண்டும். நம்பவில்லையா? வரி கட்டலாம், ஊர்ப்படையில் துப்பாக்கி தூக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கலாம். அது கட்டாயம் வேறு! சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு மட்டும் கிடையாது. பெண்களுக்கு உறுப்பினரானாலும் கிடையாது. அதற்கு ரெண்டு அணியும் சேர்ந்தே தலைகுனிவோம்.

"ஓட்டு வருஷத்துக்கு ஒரு நாள், அன்றாட வாழ்க்கை எங்கே?" என்பார்கள். கடைத்தெருவுக்கு வாருங்கள். பாஸ்டனில் ராபர்ட் கீன் என்றொரு வியாபாரி. ஆணி முதலான சாமான்களை அநியாய லாபத்துக்கு விற்றார் என்று 1639-இல் புகார். சட்டமன்றம் 200 பவுண்டு அபராதம் போட்டது, பிறகு அதுவே 80-ஆகக் குறைத்துக்கொண்டது. சபை விட்டதா? எல்லார் முன்னாலும் நிற்க வைத்தது. என் நெஞ்சு பேராசை பிடித்த நெஞ்சு என்று மனுஷன் கண்ணீர் விட்டார். அதோடு போதகர் ஜான் காட்டன் பிரசங்க மேடையிலேயே வியாபார விதி வகுத்தார்: கடலில் சரக்கு மூழ்கினால் அது கடவுள் உன்மேல் போட்ட நஷ்டம், மிச்சச் சரக்கின் விலையை ஏற்றி அதை வாங்குகிறவன் தலையில் கட்டாதே! விலைவாசியைப் பேசியது எந்த மேடை, நடுவர் அவர்களே?

கீன் 1653-இல் உயில் எழுத உட்கார்ந்தார். 50,000 சொல்லுக்கு மேல் போயிற்று. 14 வருஷம் கழித்தும் அந்த ஆணி விலைக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு கேள்வி. 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டது சட்டமன்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பண்டிகை வேதத்தில் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அடுத்து வருகிற அம்மா பதில் சொல்லட்டும்.