ஒரோமோ என்னும் பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எத்தியோப்பியாவிலும் கென்யாவின் வடபகுதியிலும் வாழும் ஒரோமோ மக்களின் பெயரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன். குஷிட்டிக் மொழிக் குடும்பத்தில் மிகுதியானோர் பேசும் மொழி இவர்களுடையது. 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எத்தியோப்பியாவில் மட்டும் இவர்கள் இரண்டரைக் கோடிப் பேர். அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ஆயினும் 1970-களுக்கு முந்தைய வரலாற்று நூல்களில் ஒரோமோ என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். அங்கெல்லாம் இவர்கள் ‘கல்லா’. இவர்களது மொழி, எத்தியோப்பியாவின் மற்றொரு பெருமொழியான அம்ஹாரிக்கில் ‘கல்லிஞ்ஞா’.

அது அயலார் வழங்கிய பெயர். பஹ்ரேய் என்னும் எத்தியோப்பியத் துறவி 1593-இல் அந்நாட்டின் பழைய சமயமொழியான கீஸ் மொழியில் எழுதிய வரலாற்றின் தலைப்பிலேயே அது இருக்கிறது. நபிகள் நாயகத்தின் அழைப்பை இவர்கள் மறுத்தார்கள் என்றும், ‘இல்லை என்றான்’ என்று பொருள்படும் அரபுத் தொடரே பெயராயிற்று என்றும் ஒரு கதை சொல்வார்கள். பெயர் நிலைத்த பிறகு கட்டிய கதையாகவே எனக்குப் படுகிறது. வேர் எதுவாயினும், நாளடைவில் அச்சொல்லில் இழிவு ஏறிவிட்டது. 1840-இல் இம்மொழிக்கு இலக்கணக் குறிப்பு வெளியிட்ட ஜெர்மானிய மதபோதகர் யோஹான் லுட்விக் கிராப்ஃப், இவர்கள் தம்மை ‘ஓர்மா’ என்றே அழைத்துக்கொள்வதைப் பின்னர் எழுதினார். இவர்களது நிலத்துக்கு ‘ஓர்மானியா’ என்று பெயரிடலாம் என்றும் கூறினார். இருந்தும் அவருடைய இலக்கணத்தின் தலைப்பில் நின்றது ‘கல்லா’தான்.

இதைவிட வருத்தம் தருவது ஒனேசிமோஸ் நெசிபின் கதை. சிறுவனாக இருந்தபோதே அடிமை வணிகர்களால் கடத்தப்பட்டு, கைமாறிக் கைமாறிச் செங்கடல் துறைமுகமான மசாவாவுக்கு வந்து, அங்கே 1870-இல் விடுதலை பெற்று, சுவீடன் நாட்டு மிஷன் பள்ளியில் படித்தவர் அவர். அவரைப் போலவே அடிமைத்தளையிலிருந்து மீண்ட அஸ்தேர் கன்னோ என்னும் பெண், தம் நினைவிலிருந்து சொற்களையும் பாடல்களையும் பழமொழிகளையும் தொகுத்துக் கொடுக்க, 1899-இல் ஒனேசிமோஸின் மொழிபெயர்ப்பில் விவிலியம் முழுவதும் இம்மொழியில் அச்சேறியது. தாய்மண்ணை விட்டுப் பறிக்கப்பட்ட இருவர், அந்த மண்ணிலிருந்து வெகுதொலைவில் இருந்துகொண்டு தம் மொழிக்கு எழுத்து வழக்கை உருவாக்கினார்கள். எனினும் 1894-இல் அவர்கள் வெளியிட்ட வாசிப்பு நூலின் ஆங்கிலத் தலைப்பு இம்மொழியைக் ‘கல்லா’ என்றே குறித்தது.

ஹைலே செலாசி மன்னரின் ஆட்சியில் பள்ளி, நீதிமன்றம், அலுவலகம் எங்கும் அம்ஹாரிக்கே கோலோச்சியது. ஒரோமோவில் அச்சிடுவதும் தடுக்கப்பட்டது. 1974 புரட்சிக்குப் பின் பழைய பெயர் அரசு வழக்கிலிருந்து நீங்கியது. எழுத்துச் சிக்கல் மட்டும் நீங்கவில்லை.

சிக்கல் இதுதான். ஒரோமோவில் ஐந்து குறில்கள், அவற்றுக்கு இணையாக ஐந்து நெடில்கள். ‘ஹர’ என்றால் ஏரி. ‘ஹாரா’ என்றால் புதியது. இம்மொழியை எழுதப் பயன்பட்ட கீஸ் எழுத்து வரிசையிலோ ஏழு உயிரொலிகளுக்கே இடமுண்டு. மெய் இரட்டிப்பதையும் அது காட்டாது. குறில் நெடில் பிறழ்ந்தால் பொருளே மாறிவிடும் மொழி பேசும் நமக்கு இந்த இடர்ப்பாட்டை விளக்க வேண்டியதில்லை. 1991 நவம்பர் 3 அன்று அடிஸ் அபாபாவில் கூடிய ஒரோமோ அறிஞர்கள், ‘குபே’ எனப்படும் லத்தீன் எழுத்துமுறையை ஏற்றார்கள். உயிரெழுத்தை இரட்டித்தால் நெடில், மெய்யெழுத்தை இரட்டித்தால் அழுத்தம் என முறை எளிதாயிற்று. அதன் பிறகே ‘அஃபான் ஒரோமோ’, அதாவது ஒரோமோ மொழி, ஒரோமியா மாநிலப் பள்ளிகளில் பயிற்றுமொழியாக வேரூன்றியது.

இத்தனைக்குப் பிறகும் எல்லாரும் ஒரே பெயருக்குள் வந்துவிடவில்லை. கென்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மொழி பேசும் குழுக்கள் போரானா, ஓர்மா, கப்ரா எனத் தனித்தனியாகவே பதிவாகின்றன. இரு நாடுகளிலுமாகப் பரந்து கிடக்கும் மொயாலே நகரில், எல்லைக்கு வடக்கே அஃபான் ஒரோமோ எனப்படும் பேச்சு, தெற்கே பெரும்பாலும் போரானா என்றே வழங்குகிறது.