குவீன் ஸ்திரீட்டிலிருந்து எத்தனை வழி?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய ஒரு காலைக் கூட்டத்தில் பேசியது)

வணக்கம். எல்லாரும் பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே கணக்குக்குப் போகிறேன்.

குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்த கோயில். கும்பிட்டுவிட்டு வந்து மார்க்கெட் ஸ்திரீட் முனையில் நிற்கிறீர்கள். பினாங்கு ஸ்திரீட்டும் சர்ச் ஸ்திரீட்டும் சந்திக்கிற முனைக்குப் போக வேண்டும். தெருவுக்கு மலாயில் வழங்கும் ‘லெபோ’ போட்டுச் சொல்லுங்கள் என்று என் மகள் திருத்துவாள். எனக்கு வாயில் ஸ்திரீட்தான் வருகிறது. நடுவே கிங் ஸ்திரீட், குறுக்கே சைனா ஸ்திரீட். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்கள் இவை. வாசலில் மூன்று புள்ளி, மூன்று வரிசை வைத்தால் அந்த ஒன்பது முனையும் வந்துவிடும். புள்ளிக்குப் புள்ளி இழுக்கிற கோடுதான் தெரு.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை கேள்வியாகக் கொடுத்தேன். “இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை வழிகளில் போகலாம்?” கேள்வி அவ்வளவுதான். என் மனத்தில் இருந்த விடை 6. கடல் பக்கம் இரண்டு கட்டம், கோட்டைப் பக்கம் இரண்டு கட்டம் நடந்தாக வேண்டும். நான்கு நடையில் எந்த இரண்டு கடல் பக்கம் என்பதுதான் தேர்வு. சூத்திரம் தெரியாத பிள்ளையும் போட்டுவிடலாம். கிளம்புகிற முனையில் 1 எழுதுங்கள். ஒவ்வொரு முனையிலும், முந்தைய முனைகளிலிருந்து வந்து சேரும் எண்களைக் கூட்டி எழுதிக்கொண்டே போங்கள். ஓரங்களில் 1, நடு முனையில் 2, அதை அடுத்த இரண்டிலும் 3, கடைசியில் 6.

ஒரு மாணவி 12 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அதே தாளோடு என் மேசைக்கு வந்தாள். பின்பக்கத்தில் பன்னிரண்டு குட்டிக் கோலம், ஒவ்வொன்றிலும் ஒன்பது புள்ளி, ஒவ்வொன்றிலும் வேறொரு கோடு. முதல் ஆறும் என்னுடைய ஆறுதான். அடுத்த நான்கு, ஆறு கட்டம் சுற்றிப் போகிறவை. கடைசி இரண்டும் பாம்பு மாதிரி வளைந்து ஒன்பது முனையையும் தொட்டு வருகிறவை. “பின்னால திரும்பிப் போகக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே, டீச்சர்?”

சொல்லவில்லைதான்.

அன்றிரவு நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு முனையை இரண்டு முறை மிதிக்கக்கூடாது என்பது அவள் தானாகவே வைத்துக்கொண்ட விதி. அதைக் கொஞ்சம் தளர்த்தி, ‘ஒரே தெருத்துண்டில் இரண்டு முறை நடக்கக்கூடாது, முனையைத் திரும்ப மிதிக்கலாம்’ என்று வைத்தால் 16. கூடுதலாக வரும் நான்கில் ஒன்றை நடந்து பாருங்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கட்டம் போய், கிங் ஸ்திரீட்டில் திரும்பி, சைனா ஸ்திரீட் முனைக்கு வருகிறீர்கள். இடப்பக்கம் குவீன் ஸ்திரீட், அதில் ஏறி சர்ச் ஸ்திரீட், மறுபடி கிங் ஸ்திரீட்டில் இறங்கி அதே முனை. அப்புறம் கடல் பக்கம் திரும்பி, பினாங்கு ஸ்திரீட்டில் ஏறி, வந்து சேர்ந்தாயிற்று. விதியே இல்லை என்றால்? ஒரே கட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், கணக்குக்கு முடிவே கிடையாது. ஆக 6, 12, 16, எண்ணிலி. நான்கும் சரியான விடை.

சின்னக் கட்டத்தில் 6க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் விளையாட்டாகத் தெரியும். பக்கத்துக்கு ஐந்து கட்டம் ஆக்கிப் பாருங்கள். என் கணக்கில் 252 வழி. அந்தப் பிள்ளையின் கணக்கில் 1,262,816. சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் எடை அது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பெற்றோர், “அதனாலதான் கணக்க இங்கிலீஷ்ல படிக்கணும்ங்கிறோம்” என்பார். ‘வழி’ என்ற சொல் தெருவையும் குறிக்கும், செய்கிற விதத்தையும் குறிக்கும் என்பது உண்மை. மலாய்க்காரர்கள் ஜாலான் என்றும் சாரா என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வழி என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லையே. 1889இல் பெர்ட்ரான்ட் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பிரெஞ்சில்தான் கேட்டார்: வட்டத்துக்குள் ஒரு நாணைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், உள்ளே வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட அது நீளமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று என்று மூன்று விடை வந்தது. நாணை எப்படிப் போடுவது என்று கேள்வியில் இல்லை. அதற்குப் பிரெஞ்சு மொழியை யாரும் குறை சொல்லவில்லை.

நம்மிடமோ இந்தக் குறைக்குப் பெயரே இருக்கிறது. நன்னூல் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது ‘குன்றக் கூறல்’. வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. கொஞ்சம் தள்ளி ‘மயங்க வைத்தல்’. இலக்கண வகுப்பில் இதை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பாடவேளையில் அந்த இரண்டு குற்றத்தையும் சேர்த்துச் செய்தவள் நான். மறுவாரம் அவளுக்கு மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன். 6 எழுதியவர்களுக்கும் குறைக்கவில்லை. என்ன நினைத்துக்கொண்டு எண்ணினாய் என்று ஒரு வரி எழுது என்று மட்டும் எல்லாரிடமும் கேட்டேன். விடையைவிட அந்த ஒரு வரியை எழுதத்தான் பிள்ளைகள் திணறினார்கள்.

இப்போது கேள்வியை இப்படிக் கொடுக்கிறேன்: “கடல் பக்கமோ கோட்டைப் பக்கமோ மட்டும் நடந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை வெவ்வேறு பாதைகளில் போகலாம்?” ஓட்டை எல்லாம் அடைத்தாயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதோ, பின்வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். என்னப்பா? ‘தெருவுக்கு இந்தப் பக்க ஐந்தடி நடைபாதை, அந்தப் பக்க ஐந்தடி நடைபாதை, ரெண்டும் ஒரே பாதையா, வேற வேறயா’ன்னா கேக்குற?

முன்னால வாப்பா. இந்தா, சாக்பீஸைப் பிடி.