மீனின் நீளத்தை அளக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

[திரையில்: ஒரே கம்பியில் இரண்டு கேமராக்கள், பின்னால் பவளப்பாறை]

பவளப்பாறையில் திரியும் மீனைப் பிடிக்காமல், தொடாமல் அதன் நீளத்தை அளக்கலாம். வளையாத கம்பி ஒன்று, அதன் இரு முனையிலும் லேசாக உள்பக்கம் திரும்பிய இரண்டு கேமராக்கள், அவ்வளவுதான். இரண்டு படத்திலும் மீனின் வாய் நுனியையும் வாலையும் குறித்துக் கொடுத்தால் மென்பொருள் நீளத்தைச் சொல்லிவிடும். இதற்கு கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா போதும், பழைய மாடலே போதும். ஆனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது 4கே (மிகக் கூர்மையான வீடியோ) இருக்கிறதா என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்டெபிலைசேஷனை, அதாவது ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை, முழுசாக அணைக்க முடியுமா? முடியாதென்றால் அந்தக் கேமரா வேண்டவே வேண்டாம். ஆட்டத்தைச் சரிசெய்ய அது ஒவ்வொரு ஃபிரேமையும் (வீடியோவின் தனிப்படம்) கொஞ்சம் நகர்த்தி வெட்டுகிறது, நாம் பாடுபட்டுச் செய்த காலிப்ரேஷன் (படத்தில் தெரிவதை நிஜ அளவாக மாற்ற, கேமரா ஜோடியை முன்கூட்டியே அளந்து வைப்பது) அதோடு செல்லாமல் போய்விடும். ஆட்டோ ஃபோகஸும் ஜூமும் அப்படித்தான் கெடுக்கும்.

[திரையில்: டார்ச் மின்னுகிறது, இரண்டு வீடியோக்கள் அருகருகே]

அப்புறம் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. இரண்டு கேமராக்களும் ஒரே கணத்தில் தொடங்காது. டார்ச்சை மின்னவிட்டு ஃபிரேம்களைப் பொருத்தினாலும் அரை ஃபிரேம் வரை பிசகு மிஞ்சும். 30 ஃபிரேமில் அது நொடியில் 60-ல் ஒரு பங்கு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் மீன் அதற்குள் சுமார் 1.7 செ.மீ. நகர்ந்துவிடும். கேமராக்களுக்கு இடையே 70 செ.மீ., மீன் 3 மீட்டர் தள்ளி என்றால், தூரக் கணக்கு சுமார் 7 செ.மீ. தவறும், நீளமும் கூடவே தவறும். எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடியை (நீளம் × நீளம் × நீளம்) பொறுத்தது என்பதால் நீளம் 10 சதவீதம் கூடுதலாக வந்தால் எடை 33 சதவீதம் கூடிவிடும்! 60 ஃபிரேமில் இந்தப் பிசகு பாதியாகும். அதனால் 4கே 30-ஐ விட, கூர்மை குறைந்தாலும் 1080பி 60-தான் என் தேர்வு.

தண்ணீர் புகாத உறைக்குள் கேமரா துளியும் அசையக்கூடாது. காலிப்ரேஷனைத் தண்ணீருக்குள்ளேயே செய்யுங்கள், ஒளிவிலகலால் கரையில் எடுத்த கணக்கு உள்ளே பொருந்தாது. இரை வைத்துக் காத்திருக்கும் பதிவு வழக்கமாக ஒரு மணி நேரம் ஓடும், பேட்டரி அதைத் தாண்ட வேண்டும்.

இரண்டும் ஒரே மாடல், ஒரே செட்டிங். இடது, வலது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஒன்றை மாற்றினால் ஜோடிக்கே மறுபடி காலிப்ரேஷன். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நீளம் தெரிந்த குச்சி ஒன்றை இரண்டு கேமராவிலும் படமெடுங்கள். குச்சியின் அளவு தப்பாக வந்தால் அன்றைய மீன் அளவுகளை நம்ப வேண்டாம்.