மழைக்கு முன்னே வழி பாருங்கள்

இலங்கை மலையக நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் நம் பக்கம் மழையோடு மண்சரிவுப் பயமும் சேர்ந்தே வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. அந்த மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. இருந்தும் சனம் அங்கேதான் குடியிருந்தது. லயத்தை விட்டால் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவர்களிடம் “எழும்பிப் போங்கள்” என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. காணி கேட்பதை நாம் விடக்கூடாது. ஆனால் அது கிடைக்கும்வரை உயிரைக் காத்துக்கொள்ளவும் வேண்டுமே.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் மூன்று நிறங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பென்றால் வெளியேறியே ஆகவேண்டும்.

அறிவிப்புக்காகவே காத்திருக்கவும் வேண்டாம். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரைக் கவனியுங்கள். தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினாலும் ஆபத்து, கொட்டும் மழையில் அது நின்றுபோனாலும் ஆபத்து. மலைக்குள் தண்ணீர் வழி மாறியிருக்கலாம். சுவரில் புது வெடிப்பு, திறக்க முடியாமல் இறுகிய கதவு, சாயும் மரம், இவையும் அப்படித்தான். மழை விட்டுவிட்டது, சரி, வீட்டுக்குப் போவோம் என்று உடனே திரும்பாதீர்கள். ஊறிய மலை மழை ஓய்ந்த பிறகும் சரியும்.

அப்புறம், வெளியேறும் வழி. இதை நாம் யோசிப்பதே குறைவு. நம் குறுக்குப் பாதைகள் பல ஓடையைக் கடந்துதான் போகின்றன. சரிந்த மண்ணோ கல்லையும் மரத்தையும் இழுத்துக்கொண்டு அதே ஓடை வழியாகத்தான் பாயும். சுற்றாக இருந்தாலும் மேட்டுப் பாதையையே பிடியுங்கள். ஓடையைக் கடந்தே ஆகவேண்டுமென்றால் கும்பலாக இறங்காமல் ஒவ்வொருவராகக் கடந்து போங்கள்; பிள்ளைகளைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். ஒருவர் மேற்பக்கம் பார்த்து நிற்கட்டும். மேலே இரைச்சல் கேட்டால் ஓடையோடு கீழே ஓடாமல் பக்கத்து மேட்டில் ஏறுங்கள்.

இருட்டுவதற்கு முன்பே கிளம்புங்கள். சோறு ஆகட்டும் என்று பொழுதைப் போக்கினால், ராத்திரியில் டோர்ச் வெளிச்சத்தில் வழுக்கும் படிகளில் வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிவரும். தோட்ட நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: செம்மஞ்சள் எச்சரிக்கை வந்த நாளில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குக் கூப்பிடாதீர்கள். அரைநாள் சம்பளமான அரைப் பேராவது விழட்டும் என்று நம் பெண்கள் அந்த மழையில் மலை ஏறக்கூடாது.

வெயில் அடிக்கும் ஒரு நாளில் குடும்பமாக அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மலையில் வெடிப்பைக் கண்டால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

நன்றி, வணக்கம்.